ஆளைப் பிடிப்பதா, இடத்தைக் காப்பதா?

கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவது எல்லா ஊர்களுக்கும் பொதுவான வழக்கம். வாங்கிய கோல் யாருடைய குற்றத்தால் விழுந்தது என்று மூன்று நாட்களுக்கு விசாரணை நடத்துவது திருகோணமலைக்கே உரிய சிறப்பு என்று நாம் சொன்னால், திருமலை மக்கள் எம்மீது கோபங் கொள்ளமாட்டார்கள். அந்த விசாரணைக்கு மன்றங்கள் பல உண்டு. ஏகாம்பரம் மைதானத்தின் ஓரம் ஒன்று. மக்கெய்சர் விளையாட்டரங்கின் வாயில் மற்றொன்று. உள்துறைமுக வீதியில் கடற்காற்று வாங்க வருவோர் கூடுமிடம் இன்னொன்று. திருக்கடலூர்க் கரையில் வலை பொத்துவோர் வட்டமாக அமர்ந்திருக்குமிடத்தை மேன்முறையீட்டு நீதிமன்றமென்றே கொள்ளலாம். அங்கே வழக்கறிஞர் இல்லை. சாட்சிகள் யாவரும் நீதிபதிகளே. பிளேன்டீ ஆறிப்போவதையும் எவரும் பொருட்படுத்துவதில்லை.

வழக்கு எப்பொழுதும் ஒன்றுதான். எதிரணியினர் பந்தைத் தமக்குள்ளே கொடுத்து வாங்கி முன்னேறி வரும்போது, பின்வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள் என்ன செய்யவேண்டும்? ஒவ்வொருவரும் தமக்கென ஒதுக்கப்பட்ட எதிரியை நிழல்போலத் தொடரவேண்டுமா? அல்லது ஒவ்வொருவரும் தமக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியைக் காத்துக்கொண்டு, அதனுள்ளே வருபவன் எவனாயினும் அவனை மறிக்கவேண்டுமா? முதலாவது கொள்கையினரை நாம் ஆட்கட்சியினர் என்று அழைப்போம். இரண்டாவது கொள்கையினர் இடக்கட்சியினர். (அரசியலில் சொல்லும் இடதுசாரிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. இடக்கட்சித் தலைவர்களுள் ஒருவர் முதலாளிகள் பக்கம் நெடுங்காலம் கணக்கு எழுதியவர்.)

விளையாட்டுப் பழக்கமில்லாத வாசகர்களும் இந்த வேற்றுமையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தம்பலகாமத்து வயல்களில் கதிர் முற்றும் காலத்தில் இரவுக் காவல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பரணில் இருப்பவன் தன் வரம்புக்குள் எது நுழைந்தாலும் விரட்டுவான். அடுத்த வரம்புக்குப் போய்விட்டால் அடுத்த பரணுக்குக் குரல் கொடுப்பான். அது இடக்கட்சி. ஒரு பன்றியைக் கண்டுவிட்டு, அதைக் கொன்றே தீருவதென்று காடுவரை துரத்திச் செல்பவன் ஆட்கட்சி. அவன் பன்றியைக் கொன்றுவிட்டுத் திரும்புகையில் மற்றப் பன்றிகள் வயலை முடித்திருக்கும் என்பார் இடக்கட்சியார். பரணில் இருந்து குரல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு பன்றிகூடச் சாகாது என்பார் ஆட்கட்சியார். இரண்டும் உண்மையாக இருப்பதுதான் இவ்வழக்கிலுள்ள சங்கடம்.

கடற்படை விட்டுச்சென்ற சொத்து

பிரிட்டிஷ் கடற்படை இத்துறைமுகத்தில் தளம் அமைத்திருந்த காலம் நெடியது. கப்பல் நங்கூரமிட்டால் கரையிறங்கும் மாலுமிகளுக்குப் பந்து ஒன்று வேண்டும். பந்து இருந்தால் எதிரணி ஒன்று வேண்டும். துறைமுகப் பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் அவ்வாட்டத்தை வேலியோரம் நின்று பார்த்தும் உள்ளே சென்று ஆடியும் பழகிக்கொண்டார்கள். 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. வெள்ளைக்காரன் போனான்; பந்து போகவில்லை.

கல்லூரிகள் அதனைத் தமதாக்கிக்கொண்டன. 1867இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியும், 1897இல் தோன்றிப் பின் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்த இந்துக் கல்லூரியும் இந்நகரின் பழம்பெரும் கல்வி நிலையங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. யுத்த ஆண்டுகளிலும், 2004ஆம் ஆண்டு டிசெம்பரில் கடல் பொங்கி வந்த பின்னரும், பல மைதானங்கள் ஆட்டமின்றிக் கிடந்தன. 2009க்குப் பின் புல் மீண்டும் மிதிபடத் தொடங்கியது. நகருக்குள் உலவும் புள்ளிமான்கள் புல்லை மேய்ந்து உதவி செய்வதும் உண்டு. அவை எக்கட்சியையும் சார்ந்தவையல்ல.

சட்டம் மாறியது, சண்டை பிறந்தது

திருமலை இந்துக் கல்லூரியின் நிருவாகத்தை இராமகிருஷ்ண மிஷன் ஏற்று, சுவாமி விபுலானந்தர் அங்கே பணியாற்றத் தொடங்கிய அதே 1925ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் உதைபந்தாட்டச் சட்டத்தில் ஒரு சொல் மாற்றப்பட்டது. மூன்று என்றிருந்ததை இரண்டு என்று ஆக்கினார்கள். இன்று நாம் காணும் பின்வரிசைத் தந்திரங்கள் யாவும் அந்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்தவை என்றால் வியப்பாக இருக்கும்.

விஷயம் இதுதான். ஓப்சைட் என்னும் விதியின்படி, பந்து தன்னிடம் உதைக்கப்படும் கணத்தில் முன்னணி ஆட்டக்காரனுக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது மூவர் இருக்கவேண்டும் என்பது பழைய சட்டம். கோல் காப்பாளர் ஒருவர். ஆகவே பின்காப்பாளர் இருவரும் மிச்சம். அவ்விருவரில் ஒருவர் இரண்டு எட்டு முன்னே வந்துவிட்டால் போதும், எதிரி ஓப்சைட்டில் அகப்பட்டுவிடுவான். நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் என்பவர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். ஆட்டம் மைதானத்தின் நடுவிலேயே முடங்கிக் கிடக்க, சீட்டு வாங்கிய சனங்கள் சலித்துப் போயினர். அதனால் 1925இல் மூவர் இருவராயினர்.

விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்தின் முதற்பிரிவில் 1924–25 பருவத்தில் 462 ஆட்டங்களில் 1,192 கோல்கள் விழுந்தன. அடுத்த பருவத்தில் அதே 462 ஆட்டங்களில் 1,703. ஆட்டமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கோல் அதிகம்! 1925 ஒக்டோபர் 3ஆம் திகதி அதே நியூகாசில் அணியிடம் ஆர்செனல் அணி ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றது. ஆர்செனலின் சார்லி பக்கன், தம் நிருவாகியான ஹேர்பெர்ட் சப்மனிடம், நடுவே ஆடும் சென்டர் ஹாஃபை இரு பின்காப்பாளருக்கும் இடையே பின்னுக்கு இறக்கும்படி வற்புறுத்தினார். அப்படியே செய்தார்கள். இரு பின்காப்பாளர் மூவராயினர். நடுவே நின்ற மூன்றாமவனுக்கு ஒரே கடமை: எதிரணியின் சென்டர் ஃபோர்வேர்டை விடாமற் பிடிப்பது. ஆட்கட்சிக்குச் சாஸ்திரம் எழுதப்பட்டது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு காவலன். கணக்கு நேராக இருந்தது. ஒருவர் சட்டையின் இலக்கத்தைப் பார்த்தே யாரை யார் பிடிக்கவேண்டுமென்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கணக்கு பிழைக்கவில்லை. பிழைத்த நாள் 1953 நவம்பர் 25. இடம், இலண்டன் வெம்பிளி. அன்று ஹங்கேரியின் சென்டர் ஃபோர்வேர்டாகிய ஹிடேகுட்டி முன்னே நிற்காமல் பின்னே இறங்கி நின்றார். இங்கிலாந்தின் நடுக்காப்பாளர் ஹரி ஜோன்ஸ்டனுக்குத் தருமசங்கடம். ஹிடேகுட்டியைத் தொடர்ந்து போனால் கோல் முகம் திறந்துவிடும். போகாமல் நின்றால் ஹிடேகுட்டி தனியே பந்துடன் திரிவார். எது செய்தும் பயனில்லை. முதல் நிமிடத்திலேயே ஹிடேகுட்டி கோல் அடித்தார். மொத்தம் மூன்று அடித்தார். ஆறுக்கு மூன்று என்று இங்கிலாந்து தோற்றது. மறுவருடம் புடாபெஸ்ட் நகரில் ஏழுக்கு ஒன்று.

இடக்கட்சியாருக்கு இந்தக் கதை தேவாரம் போன்றது. பிரேசில் நாட்டவர் 1958இல் பின்வரிசையில் நால்வரை நிறுத்தி, ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்து ஆடியதையும், அரையிறுதி வரை ஒரு கோலும் வாங்காததையும் அதனோடு சேர்த்து ஓதுவார்கள். தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டம் பார்க்கும் மாணவர்கள், இத்தாலியில் சப்பாத்து விற்றுக்கொண்டிருந்து பயிற்றுநரான அரிகோ சாக்கியின் மிலான் அணி 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கிண்ணம் வென்றதை எடுத்துப் பேசுவார்கள். அவருடைய ஆட்டக்காரர்கள் பந்து நகர நகர ஒரே பலகைபோல் நகர்ந்தவர்கள்.

ஆட்கட்சியார் சளைத்தவர்களா? 1974 ஜூலை 7ஆம் திகதி மியூனிக் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை முன்வைப்பார்கள். ஒல்லாந்தின் மாவீரர் குரைப்பைப் பிடிக்கும்படி மேற்கு ஜெர்மனியின் பேர்ட்டி வோக்ட்ஸ் ஏவப்பட்டார். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடமாகுமுன் குரைப் அவரைத் தாண்டியோடித் தண்ட உதை ஒன்றைச் சம்பாதித்துவிட்டார். மற்றொருவராயின் மனமுடைந்திருப்பார். வோக்ட்ஸ் எஞ்சிய எண்பத்தெட்டு நிமிடமும் குரைப்பின் காலடியை விட்டு விலகவில்லை. மேற்கு ஜெர்மனி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. “இடத்தைப் பிடித்து நின்றவன் குரைப்பைப் பிடித்திருப்பானா?” என்று மேசையில் தட்டிக் கேட்பார் எமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர். மேசை இல்லாத இடத்தில் பக்கத்தில் இருப்பவர் தொடையில் தட்டுவார்.

நம்மவர்களின் புகழும் இந்த வாதத்தில் இடம்பெறாமற் போவதில்லை. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. இறுதியாட்டத்தில் கோல் காத்தவர் தமிழரான பீட்டர் தங்கராஜ். பயிற்றுநர் ஹைதராபாத் ரஹீம், தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கை முன்னணியில் ஆடவிட்டார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தென் கொரியாவை வென்றபோது, அந்த இரண்டில் ஒன்றை அடித்தவர் ஜர்னைல்தான். “காப்பாளனே கோல் அடித்தான், அவன் எந்த இடத்தைக் காத்தான்?” என்பது ஆட்கட்சியின் கேள்வி. அவ்விடத்தை வேறொருவர் காத்தமையாலன்றோ அவர் முன்னே போக முடிந்தது என்பது இடக்கட்சியின் மறுமொழி. எமக்கு இரண்டாவது சரியாகப் படுகிறது.

இலங்கை அணி 1995இல் கொழும்பில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று தெற்காசியக் கிண்ணம் பெற்றதையும், 2006இல் ஆசியச் சவால் கிண்ண இறுதியில் தஜிகிஸ்தானிடம் நான்கு கோல் வாங்கியதையும் இரு கட்சியாரும் தத்தமக்குச் சாதகமாகவே உபயோகிப்பர். ஓர் ஆட்டத்தைக் கொண்டு எதையும் நிரூபிக்கலாம்.

துறைமுகமே சாட்சி

திருமலைக்காரர் வாதாடும்போது வெளிநாட்டு உதாரணங்களோடு நிற்பதில்லை. சொந்தத் துறைமுகத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிடுவார்கள். இதை வேறெந்த ஊரிலும் நாம் கேட்டதில்லை.

1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்துக்கொண்டனர். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ், பிரெஞ்சுத் தலைவர் சஃப்ரனோடு இக்கடல்களில் மோதிக்கொண்டேயிருந்தார். ஜூலையில் நாகபட்டினத்துக்கு அப்பால் ஒரு போர். அதன்பின் ஹியூஸ் கப்பல்களைச் சென்னைக்குக் கொண்டு சென்று பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் சஃப்ரன் திருமலைக்கு வந்து, ஓகஸ்ட் முடியுமுன் கோட்டைகளைக் கைப்பற்றிவிட்டார். ஹியூஸ் வந்து பார்த்தபோது கொடி மாறியிருந்தது. செப்டெம்பர் 3ஆம் திகதி கடலில் கடும் போர் நடந்தும் துறைமுகம் மீளவில்லை. “எதிரியின் கப்பலையே எண்ணிக்கொண்டிருந்தான், வீட்டை விட்டுவிட்டான்” என்று இடக்கட்சியார் கூறுவர். சஃப்ரன் இறங்கியதை இவர் நேரிற் கண்டவர் போலவே கூறுவார்.

உடனே மறுதரப்பு 1942 ஏப்ரல் 9ஐ எடுக்கும். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீதும் சீனன்குடாவின்மீதும் குண்டு பொழிந்தன. அபாயம் முன்கூட்டியே அறியப்பட்டதால் கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. வெளியேறியவற்றுள் ஒன்றான ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அன்றே மூழ்கடிக்கப்பட்டது. “கோட்டை தன் இடத்தில் இருந்தது, பீரங்கி தன் இடத்தில் இருந்தது, குண்டு விழாமலா போயிற்று?” என்பது ஆட்கட்சியின் குறுக்குக் கேள்வி. கப்பற்போரையும் பந்தாட்டத்தையும் இவ்விதம் ஒரே தராசில் நிறுப்பது தர்க்கசாஸ்திரத்துக்கு உடன்பாடானதன்று. ஆயினும் பிள்ளைகள் பள்ளியில் படிக்காத ஊர் வரலாற்றைப் பந்தின் பேரால் கேட்டறிவதை நாம் ஏன் தடுக்கவேண்டும்?

இரண்டு முறை குற்றவாளி

இதுவரை சொன்னதெல்லாம் பொழுதுபோக்கு. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

அண்மையில் இரு கல்லூரி அணிகள் மோதிய ஓர் ஆட்டத்தை நாம் பார்த்தோம். கல்லூரிகளின் பெயர் இங்கே அவசியமில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த ஆட்டம் முடியும் தறுவாயில், எதிரணியின் இடதுபுற ஓட்டக்காரன் எல்லைக்கோட்டை விட்டு மைதானத்தின் நடுவை நோக்கி ஓடினான். அவனுக்குக் காவலாக நின்ற வலதுபுறப் பின்காப்பாளன், பதினாறு வயதுப் பிள்ளை, அவனைத் தொடர்ந்தான். வலதுபுறம் வெறுமையாயிற்று. அந்த வெற்றிடத்தில் எதிரணியின் வேறொருவன் பின்னிருந்து ஓடிவந்து பந்தை வாங்கி, கோல் முகத்துக்குக் குறுக்கே உதைத்தான். நடுவில் வந்தவன் தலையால் முட்டினான். கோல்!

அன்று மாலையே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளை தன் இடத்தை விட்டு ஓடினான். ஆகவே தோல்விக்கு அவனே காரணம். அவனுடைய பெயர் சந்திக்குச் சந்தி அடிபட்டது. கைத்தொலைபேசியில் அக்காட்சியைப் பதிவு செய்தவர் ஒருவர் அதனை ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தார். முன்னாட்களில் மைதானத்தில் பிறந்த பேச்சு மூன்றாம் நாள் மைதானத்திலேயே மடிந்துவிடும். இப்பொழுது அது பிள்ளையின் படுக்கையறை வரை வருகிறது.

நாம் விசாரித்தபோது தெரிந்த சங்கதி வேறு. அதற்கு முந்திய ஆட்டத்தில் அதே பிள்ளை தன் இடத்தை விட்டு அசையாமல் நின்றிருக்கிறான். எதிரி நடுவுக்குச் சென்று தனியே நின்று கோல் அடித்திருக்கிறான். அன்று ஊர் சொன்னது, ஆளை விட்டுவிட்டான் என்று. வேலியோரம் நின்ற பெரியவர்கள், “அடுத்த முறை அவன் எங்கே போனாலும் விடாதே தம்பி” என்று முதுகில் தட்டிச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை கேட்டான், செய்தான். ஒரு கிழமைக்குள் எதிரெதிரான இரண்டு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டான்.

அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அவனுடைய தாயார் எம்மிடம் கேட்ட கேள்வியை எந்த நீதிமன்றத்திலும் நாம் கேட்டதில்லை. “ஐயா, பிள்ளை ஆளைப் பார்க்கவேணுமா, இடத்தைப் பார்க்கவேணுமா? நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் நான் அவனிடம் சொல்லிவிடுவேன். இரண்டு பக்கமும் இழுத்தால் பிள்ளை என்ன செய்யும்?”

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நாம் மன்றம் மன்றமாகச் சென்றோம். ஆளைப் பிடிக்கும் முறையில் ஒரு வசதி உண்டு: கோல் விழுந்தால் குற்றவாளிக்கு ஒரு பெயர் உண்டு. இடத்தைக் காக்கும் முறையில் விழும் கோல் பெரும்பாலும் இருவருக்கு நடுவே விழுகிறது. அதற்குப் பெயர் வைக்க இயலாது. பெயர் கிடைக்காத இடத்திலும் ஊர் ஒரு பெயரைத் தேடிப் பிடித்துவிடுகிறது என்பதே எம் அபிப்பிராயம். கிண்ணியாவிலிருந்து வந்து ஆட்டம் பார்க்கும் அன்பர் ஒருவர், இளைஞர்கள் யாவரும் நானா என்றழைப்பவர், இதனை ஒப்புக்கொண்டார். “அந்தப் பொடியன் போனது பிழையில்லை. அவன் போறான் என்று கண்டவுடன் பக்கத்தில் நின்றவன் அந்த இடத்துக்கு வந்திருக்கவேணும். அவனை யாரும் ஏசவில்லையே” என்றார். துறைமுக ஊழியர் அவரைப் பார்த்து, “நானா, அப்போது நீங்களும்தானே கத்தினீர்கள்?” என்றார். நானா பிளேன்டீயை எடுத்துக் குடித்தார்.

திருக்கடலூர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர்தாம் வழக்கின் முடிச்சை அவிழ்த்தவர். கரைவலை இழுப்பதைக் காணாதவர் இக்கரையோரத்தில் இல்லை. தோணி வலையை வளைத்து இறக்கிவிட்டு வரும். அதன் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டத்தார் பற்றி இழுப்பர். நடுவே மடி. ஒரு கூட்டம் விரைந்து இழுத்து மறு கூட்டம் பிந்தினால் வலை கோணிவிடும், மீன் போய்விடும். ஆகவே இழுப்பவர்கள் வாய் மூடி இழுப்பதில்லை. இக்கரையார் குரல் கொடுப்பர், அக்கரையார் ஏற்பர். “மீனைப் பார்க்கிறோமா, வலையைப் பார்க்கிறோமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை மாஸ்டர்” என்று அவர், உடன் வந்த கல்லூரி விளையாட்டு ஆசிரியரைப் பார்த்துச் சொன்னார். “இரண்டையும் பார்ப்போம். ஆனால் குரல் கேளாவிட்டால் இரண்டும் இல்லை. உங்கள் பிள்ளைகள் நாலுபேரும் ஊமைப்பிள்ளைகள்போல் அல்லவா நிற்கிறார்கள்?”

ஆசிரியர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, பழைய வலைக்கயிறு கிடைக்குமா என்று கேட்டார்.

மைதானத்தின் அகலம் ஏறக்குறைய எழுபது யார். பின்வரிசை நால்வரும் கைகோத்து நின்றாலும் அதில் ஒரு மூலையைத்தான் மறைக்க முடியும். பந்து ஓடும் வேகத்துக்கு எந்தப் பிள்ளையும் ஓடமுடியாது. ஆகவே நால்வரும் தமக்குள் பத்து யார் இடைவெளி வைத்து, பந்து எப்பக்கம் போகிறதோ அப்பக்கம் ஒன்றாக நகரவேண்டும். தூரத்து ஓரத்தைத் திறந்துவிடலாம், பந்து அங்கே போய்ச்சேருமுன் நால்வரும் போய்ச்சேர நேரமுண்டு. ஒருவன் எதிரியைத் தொடர்ந்து முன்னே செல்லலாம், ஆனால் செல்லும்போது சொல்லவேண்டும். அடுத்தவன் ஓரடி பின்வாங்கி அவ்விடத்தை அடைக்கவேண்டும். எதிரி எல்லை தாண்டினால் பெயர் சொல்லி ஒப்படைக்கவேண்டும். பின்னே நின்று முழு மைதானத்தையும் காண்பவன் கோல் காப்பாளன் ஒருவனே. முதற்குரல் அவனுடையதாக இருக்கவேண்டும். இவ்வளவும் ஆசிரியருக்குத் தெரியாததன்று. கரும்பலகையில் பலமுறை எழுதிக் காட்டியவர்தாம். எழுதியது பிள்ளைகளின் காலுக்கு இறங்கவில்லை.

இரண்டு நாட்களின் பின் நால்வரின் இடுப்பிலும் கரைவலைக் கயிறு ஏறியது. ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையே பத்து யார்க் கயிறு. ஒருவன் சொல்லாமல் ஓடினால் மற்றவன் இடுப்பு வெட்டி இழுக்கும். சொல்லிவிட்டு ஓடினால் நால்வரும் சேர்ந்து ஓடுவர். முதல் நாள் மூன்று முறை நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வேலியோரம் நின்ற இரு கட்சியாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டுக்குச் சென்று அழைத்துவந்தவர் அந்த ஆசிரியரே. அவனுக்கு வலதுபுற முனை கொடுக்கப்பட்டது. தலையைக் கவிழ்ந்துகொண்டு நின்றான். இரண்டாம் முறை விழுந்தெழுந்தபோதுதான் முதன்முதலாக வாய் திறந்தான்: “நான் போகிறேன், நீ வா!”

கட்சிகள் ஒன்றாகிவிடவில்லை. மூலை உதையின்போதாவது ஆளுக்கொருவரைப் பிடித்தே ஆகவேண்டுமென்று ஆட்கட்சியார் இப்பொழுது புதிய வழக்கொன்றைத் தொடுத்திருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பந்து ஓரிடத்தில் வைக்கப்பட்டு, பத்துப்பேர் ஒரே சதுரத்துக்குள் நெருக்குப்படும்போது இடைவெளியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலாவது கம்பத்தருகே ஒருவனை இடத்திலே நிறுத்திவிட்டு மற்றவர்களை ஆட்பிடிக்க விடலாமென்று ஆசிரியர் யோசிக்கிறார். இதனால் இரு தரப்பும் அவர்மேல் மனக்குறை கொண்டுள்ளன.

சென்ற வாரம் அந்தத் தாயாரைப் பத்திரகாளி அம்மன் கோவிலடியில் கண்டோம். பிள்ளை பயிற்சிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று வினவினோம். “போகிறான் ஐயா. மைதானத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருகிறான். நேற்றும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்” என்றார்.